கடற்கரைக்கு விற்ற காஸ் மெசின்

"தம்பி, நீர் தந்த மெசினால ஒட்டின வண்டில் உடைஞ்சு, வள்ளம் அவற்ர காலில விழுந்திட்டுது."

பிலோமினா அக்கா போனில் இதைச் சொன்னபோது நான் கிளிநொச்சியில் ஹாட்வெயார் கடைக் கவுண்டரில் நின்றேன். வெல்டிங் மெசின், கிரைண்டர், டிரில் விற்பதுதான் என் வேலை. அக்கா முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். அவருடைய கணவர் சூசை அண்ணைக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். வள்ளம் விழுந்தது எந்தக் காலில் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. "வாறன் அக்கா" என்று மட்டும் சொன்னேன்.

பரந்தனில் திரும்பி, புதுக்குடியிருப்பைத் தாண்டும்வரை மோட்டார் சைக்கிளில் ஒரே யோசனைதான். அந்த மனிசனுக்கு மிச்சமிருப்பது ஒரு கால். அதையும் என் வியாபாரம் எடுத்துவிட்டதா? வழியில் இருந்த பிள்ளையார் ஒவ்வொருவருக்கும் ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டு போனேன்.

மெசின் விற்ற கதையைச் சொல்லவேண்டும். தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டிங் படித்த அக்கா, வீட்டில் வேலை செய்ய வயர் ஃபீட் மெசின் கேட்டு வந்தார். ரொட் மாற்றி மாற்றி ஒட்டத் தேவையில்லை. கம்பி தானாக ஓடி வரும். முதல் வேலை, வள்ளத்தைக் கரைக்கு இழுக்க ஒரு இரும்பு வண்டில். அது இருந்தால் வள்ளம் இழுக்க ஆள் தேடாமல் இரண்டு பேருமே தொழிலைப் பார்க்கலாம்.

நான் ஒன்றிலும் குறைவைக்கவில்லை. வீட்டுக் கரண்ட் தாங்கும் மெசின், தடித்த எக்ஸ்டென்ஷன் வயர், தானாக இருளும் ஹெல்மெட், தோல் கையுறை. "காஸோட எடுங்கோ அக்கா, ஒட்டு வழவழெண்டு வரும்" என்று சிலிண்டரையும் சேர்த்துவிட்டேன். கடையின் பின்னறையில் ஒட்டியும் காட்டினேன். பயிற்சி மண்டபத்துக்குள்ளேயே ஒட்டிப் படித்த அக்காவும் தலையாட்டினார். எங்கே வைத்து ஒட்டப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. அக்கராயன் வயற்காரனான எனக்குக் கடற்காற்றின் குணம் எங்கே தெரியும்?

போய் இறங்கினால், சூசை அண்ணை முற்றத்தில் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறார். பக்கத்தில் செயற்கைக் கால் நசுங்கிக் கிடந்தது.

"அடி வாங்கினவர் இவர்தான்" என்று அதைக் காட்டினார். "மற்றவர் சுகமா இருக்கிறார்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே மணலில் குந்திவிட்டேன்.

பிறகு உடைந்த வண்டிலைப் பார்த்தேன். ஒட்டு முழுக்க அப்பம் மாதிரி ஓட்டை. அக்கா கடலைப் பார்த்த வெளியில் வைத்து ஒட்டியிருந்தார். ஒட்டும் இடத்தை மூடி நிற்கவேண்டிய காஸ் அந்தக் காற்றில் பறந்து, ஒட்டுக்குள் காற்றுப் புகுந்திருக்கிறது.

"நான் பிழையா ஒட்டிப்போட்டனோ தம்பி?"

"இல்லை அக்கா, நான்தான் பிழையா வித்துப்போட்டன்."

"பிழையா விக்கேல்லை. கேக்காமல் வித்தனீர்."



அடுத்த நாள் காஸ் தேவைப்படாத கம்பிச் சுருளோடு போனேன். அந்தக் கம்பிக்குள் மருந்து இருக்கிறது. அது எரிந்து வரும் புகையே ஒட்டும் இடத்தை மூடும், காற்றுக்கும் ஓரளவு தாங்கும். மெசின் அதேதான். கையில் பிடித்து ஒட்டும் டோர்ச்சின் வயரை மைனசுக்கும், இரும்பைக் கவ்வும் எர்த் வயரைப் பிளசுக்கும் மாற்றி, கம்பியைத் தள்ளும் உருளையையும் மாற்றினேன். அக்கா பழைய ஒட்டு முழுவதையும் கிரைண்டரால் எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டினார். பொறி பறந்தது, கசடு தட்டவேண்டியிருந்தது, பார்க்கவும் அழகில்லை. சுத்தியலால் அடித்தோம், அசையவில்லை. கயிற்றை நீளமாகக் கட்டி, கிட்ட ஒருவரையும் விடாமல் வள்ளத்தை ஏற்றி இழுத்தோம். வண்டில் தாங்கியது. 

சூசை அண்ணை ஊன்றுகோலோடு வந்து, நசுங்கிய காலை நீட்டினார். "இதையும் ஒட்டலாமோ?"

"அலுமினியமோ அண்ணை?"

"ஓம்."

"அப்ப இந்த இரும்புக் கம்பி சரிவராது."

"பாத்தீங்களே" என்று அக்கா சிரித்தார், "தம்பி இப்ப கேட்டுப்போட்டுத்தான் சொல்லுறார்."

இன்றைக்கும் வீட்டுக்கு மெசின் கேட்டு வருபவரிடம் நான் முதலில் கேட்பது இடத்தைத்தான். "வீட்டிலதான் அண்ணை" என்பார்கள். "வீட்டில எந்தப் பக்கம்? காத்து வருமோ?" என்று விடமாட்டேன். சிலர் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். எல்லாருக்கும் அடி வாங்க ஒரு செயற்கைக் கால் இருக்காது.