குளிர்பெட்டிக்கு வைத்த பொட்டு

அரியலூர் சிமெண்டு லாரிகள் போகிற சாலையில் இருந்தது அந்த மருந்துக் கடை. ஒரு நாள் துடைக்காவிட்டால் மருந்து அட்டைகளின் மேல் விரலால் கோலம் போடலாம், அவ்வளவு தூசி. அங்கே ஏழு வருடம் கூட்டித் துடைத்தேன். ஐந்தாவது வரைக்கும் படித்தவள். யாரிடமும் நிமிர்ந்து பேச வராது. அதனாலோ என்னவோ முதலாளி கடைச் சாவியை என்னிடமே கொடுத்து வைத்திருந்தார்.

மருந்து எடுத்துக் கொடுக்கப் படித்த பெண் ஒன்று இருந்தது. உடையார்பாளையம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும். மருந்து வைக்கிற ஃபிரிட்ஜுக்குள் ஒரு சின்னக் கருவி தொங்கும். குளிர் எவ்வளவு என்று அது காட்டும். இரண்டுக்குக் கீழேயும் போகக் கூடாது, எட்டுக்கு மேலேயும் போகக் கூடாது. காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும்.

“ஆயா, உங்க எழுத்து குண்டு குண்டா அழகா இருக்கு. இத நீங்களே எழுதிடுங்க, நான் கையெழுத்துப் போட்டுக்கறேன்” என்றது.

“எதுக்கும்மா இது?”

“சோதனைக்கு வர்ற ஆபீசர் மொதல்ல இதத்தான் கேப்பாரு.”

ஆபீசருக்காக எழுதுவது என்றே எடுத்துக்கொண்டேன். உள்ளே இருக்கிற மருந்துக்காக என்று என் புத்திக்கு எட்டவில்லை. எப்போது பார்த்தாலும் நாலுதான் காட்டும். நாலு, நாலு என்று எழுதிக்கொண்டே போனேன்.

அந்த ஃபிரிட்ஜில் இருந்த இன்சுலினில்தான் எங்கள் வீட்டுக்காரர் உயிர் ஓடியது. எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றித் தேய்ந்த உடம்பு. சர்க்கரை வந்தபோது, “வெளிய நான் ஏத்துனேன், உள்ள அது ஏறிடுச்சு” என்று சிரித்தார். இரண்டு வேளையும் ஊசி போட நான் கற்றுக்கொண்டேன். அந்த வருடம் ஆவணியில் செருப்பு கடித்து, கட்டைவிரலுக்குப் பக்கத்தில் புண் வந்தது. சர்க்கரை ஏறாமல் பார்த்துக்கொண்டால் ஆறிவிடும், ஏறினால் காலுக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆறிக்கொண்டுதான் வந்தது. ஓரமெல்லாம் புதுத் தோல் கட்டியது.

ஆயுத பூஜை வந்தது. முதலாளி சாமி கும்பிட்டு, பூசணிக்காய் உடைத்துவிட்டு, “எல்லாத்துக்கும் பொட்டு வச்சுப் பூட்டிட்டுப் போ” என்று கிளம்பிவிட்டார். அந்தப் பெண்ணும் லீவு சொல்லிவிட்டு ஊருக்குப் போயிருந்தது. கத்தரிக்கோலுக்கு, பில் போடுகிற மெஷினுக்கு, கல்லாப்பெட்டிக்கு எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தேன். ஃபிரிட்ஜுக்கும் வைத்தேன். வைத்துவிட்டு நின்றேன். பூஜை போட்ட சாமானை மறுபூஜை வரைக்கும் வேலை வாங்கக் கூடாது. எங்கள் வீட்டில் அரிவாளைக்கூட அன்றைக்குத் தொட மாட்டோம். இது மட்டும் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. வருடம் பூராவும் உழைக்கிற சாமான், இரண்டு நாள் ஓயட்டுமே என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். கதவு மூடியிருந்தால் குளிர் எங்கே போகும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் ஷட்டரைத் தூக்கினால் ஃபிரிட்ஜுக்கு அடியில் தண்ணீர். உள்ளே கை வைத்தேன், அடுப்படி மாதிரி இருந்தது. தண்ணீரைத் துடைத்து, பிளக்கைச் செருகி, உள்ளே குளிரைக் கூட்டிக் குறைக்கிற திருகைக் கடைசி வரைக்கும் திருகிவிட்டேன். இரண்டு நாள் விட்டுப்போன குளிரையும் சேர்த்து ஏற்றிவிடலாம் என்று எண்ணம். அந்தப் பெண் மறுநாள்தான் வந்தது. அது வருவதற்கு முன்னால் திறந்து பார்த்தேன். ஐஸ் பெட்டியை ஒட்டியிருந்த மூன்று இன்சுலின் குப்பிகள் கல்லாகியிருந்தன. திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். குப்பிகளை மடியில் கட்டிக்கொண்டு, இளகும் வரைக்கும் கடையைக் கூட்டினேன். பிறகு இருந்த இடத்தில் வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். கட்டங்கள் காலியாக இருந்தன. காலியாக இருந்தால் ஆபீசர் கேட்பார் என்று எல்லாவற்றிலும் நாலு போட்டேன்.

அந்த வாரம் அவருக்கு மருந்து தீர்ந்தது. உறைந்த குப்பிகளில் இரண்டை நானே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். குளிர் நன்றாக ஏறிய மருந்து, கூடுதலாக வேலை செய்யும் என்று நினைத்தேன்.

பத்து நாளில் புண்ணில் வாடை வந்தது. சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது. டாக்டர் அவரை முறைத்தார்.

“பெரியவரே, வாயக் கட்டலன்னா கால வெட்ட வேண்டியதுதான். என்ன சாப்பிட்டீங்க?”

“ஒண்ணுமில்ல சார்.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க.”

அவருக்கு வெல்லம் என்றால் உயிர். வீட்டுக்கு வந்ததும் வெல்ல டப்பாவைத் துணியில் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டுப் பரண்மேல் வைத்தேன்.

“திருடனப் பிடிச்சிட்டியா?” என்றார்.

“வேற எப்படி ஏறும்? சொல்லுங்க.”

“நீகூட நம்பலியாடி?”

அந்த மருந்தையே அளவு கூட்டிப் போட்டேன். விரல் கறுத்தது.

அடுத்த வாரம் சோதனைக்கு ஆபீசர் வந்தார். தேதி முடிந்த மருந்து இருக்கிறதா, பில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நோட்டைக் கேட்டார். அந்தப் பெண் கொடுத்தது. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

“ஆயுத பூஜைக்கு மறுநாள் கடை பூட்டிருந்துச்சா?”

“ஆமா சார்.”

“பூட்டுன கடைக்குள்ள நாலுன்னு யாரும்மா பாத்தது? பேயா?”

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. ஆபீசர் ஃபிரிட்ஜைத் திறந்தார். கதவில் நான் வைத்த பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. மிச்சமிருந்த மூன்றாவது குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளையாகத் துகள் மிதந்தது.

“பச்சத் தண்ணி மாதிரி தெளிவா இருக்க வேண்டிய மருந்து இது. உறைஞ்சு உருகியிருக்கு. இதப் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்.”

கையில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தேன். கையெழுத்து யாருடையது என்று கேட்டார். அந்தப் பெண் தன்னுடையது என்றது. என்னைத் திரும்பிப் பார்த்தது, ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. “இவங்கள நம்பித்தான் சார் விட்டேன்” என்று முதலாளி அந்தப் பெண்ணைக் கை காட்டினார். அந்த மாதத்தோடு அது வேலையை விட்டுப் போனது. அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை.

வீட்டுக்கு ஓடிப்போய்க் குப்பியைத் தூக்கிப் பார்த்தேன். அதிலும் துகள் மிதந்தது. வேறு மருந்து வாங்கிப் போட்டோம். காலம் கடந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

கட்டுப் போட்டுப் படுத்திருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிளக்கைப் பிடுங்கியது, திருகைத் திருகியது, மடியில் கட்டி இளக்கியது. திட்டுவார் என்று காத்திருந்தேன். மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் திங்கல.”

“இல்லீங்க.”

“டாக்டர்கிட்ட சொல்லு. நான் திங்கலன்னு சொல்லிப்புடு.”

மறுநாள் பெரிய டாக்டர், டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் ஐந்தாறு பேரோடு வந்தார். எங்கள் வீட்டுக்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, “சாப்பாட்டுல கட்டுப்பாடு இல்லன்னா இதான் கதி, பாத்துக்குங்க” என்றார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். இவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அதைக் கேட்கவேயில்லை. ஜுரம் கண்டு, மார்கழியில் போய்விட்டார்.

ஆஸ்பத்திரிச் சீட்டு இங்கிலீஷில் இருந்தது. ஒரு நர்ஸ் படித்துச் சொன்னாள். நோயாளி பத்தியம் காக்கவில்லை என்று அதிலும் எழுதியிருந்தார்களாம்.

காரியம் முடிந்த பிறகு பரண்மேல் இருந்த டப்பாவை இறக்கினேன். நான் போட்ட மூன்று முடிச்சும் போட்டபடியே இருந்தன. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. வெல்லம் இளகி, ஒரே கட்டியாக அடியில் ஒட்டிப்போயிருந்தது.