புஷ்பவள்ளியின் இடுப்பெலும்பு

இடுப்பில் ஆணி அறைகிற மாதிரி வலிக்கிறது என்று புஷ்பவள்ளி சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. காரணம், முப்பது வயதிலிருந்தே அவருக்குக் காதில் குரல்கள் கேட்கும். அதற்கு மாதாமாதம் ஊசி போட்டுக்கொண்டு, மலேசியாவில் லாயாங் லாயாங் என்ற சிற்றூரில் தம்பி தங்கராஜு வீட்டில் சமையலும் பூச்செடியுமாக நன்றாகத்தான் இருந்தார். இப்போது வயது அறுபத்தேழு. எந்தக் கிளினிக்குக்குப் போனாலும், மனநோய்க்கு மருந்து எடுக்கிறவர் என்று தெரிந்ததும் பேச்சு மாறிவிடும். ஓர் அட்டை வலி மாத்திரை, கூடவே "ரொம்ப யோசிக்காதீங்க" என்று ஒரு புத்திமதி.

தம்பியும் அவர் மனைவியும் அதையேதான் சொன்னார்கள். "எல்லாம் மனசுதான்க்கா."

மனசு நொண்டுமா? வலது காலை நொண்டி நொண்டி நடந்த புஷ்பவள்ளி, வாதாடுவதை விட்டுவிட்டு, கடையிலேயே மாத்திரை வாங்கி, வலித்தபோதெல்லாம் விழுங்கினார். வெறும் வயிற்றிலும் விழுங்கினார். ஒருநாள் காலை கறுப்பாக வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தார். தங்கராஜு பதறியடித்துக் காரில் ஏற்றிக்கொண்டு குளுவாங் மருத்துவமனைக்குப் பறந்தார்.

மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கியிருந்தன. ரத்தக்கசிவு நின்றபின் இளம் டாக்டர் லோஷினி கட்டிலருகே வந்தார்.

"ஏம்மா இவ்ளோ வலி மாத்திரை சாப்பிட்டீங்க?"

தங்கராஜு முந்திக்கொண்டார். "டாக்டர், இவங்களுக்கு மனசு சரியில்ல..."

"நான் அவங்களத்தான் கேட்டேன், அங்கிள்."

புஷ்பவள்ளி எழுந்து உட்கார்ந்துவிட்டார். "டாக்டர், எனக்குக் குரல் கேக்கும், உண்மைதான். ஆனா அது காதுலதான் பேசும். இடுப்புல பேசாது லா!"

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு வலது காலைப் பிடித்து மெல்லத் திருப்பினார். புஷ்பவள்ளி போட்ட அலறலில் தாதியர் ஓடி வந்தார்கள். அன்றைக்கே எக்ஸ்ரே!

"இடுப்பு மூட்டு முழுசா தேஞ்சிருச்சும்மா. எலும்பும் எலும்பும் உரசுது. இதோட எப்படி நடந்தீங்க?"

டாக்டர் காட்டிய எக்ஸ்ரே படத்தைத் திரையில் பார்த்த புஷ்பவள்ளி கைதட்டினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி தட்டினார். "அலமாக்! பாத்தியாடா தம்பி! எலும்புடா! மனசு இல்ல, எலும்பு!"

தங்கராஜுவுக்குக் கண் கலங்கியது. "மன்னிச்சிருங்கக்கா..."

"அப்புறம் அழுவலாம். முதல்ல அத ஃபோன்ல படம் புடிச்சு ஒன் பொண்டாட்டிக்கு அனுப்பு!"

அந்தப் படம் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் ஃபோனுக்கும் போனது. வயிற்றுப்புண் ஆறியதும், மனநல மருத்துவரும் எலும்பு மருத்துவரும் கலந்து பேசி, எந்த மருந்தோடு எது ஒத்துப்போகும் என்று முடிவுசெய்து, அறுவை சிகிச்சையில் இடுப்பு மூட்டை மாற்றினார்கள். குரல்கள் இன்னும் எப்போதாவது வருகின்றன, ஊசியும் தொடர்கிறது. கடை மாத்திரையை மட்டும் அவர் அதன்பிறகு தொடவே இல்லை.

போன வாரம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில், கடலை தூவி மடித்த அப்பம் விற்கும் கடையை நோக்கிக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு புஷ்பவள்ளி போக, பின்னால் தங்கராஜு மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தார்.

"அக்கா, மெதுவா போங்க!"

"அப்பம் பாலிக் தீந்துரும்டா, சீக்கிரம் வா!"