ஏரிச்சரிவில் ஒரு ஜோடி கொலுசு

எங்கள் ஏரியில் ஏழு கொப்பரைப் பொன் புதைந்திருக்கிறது என்பது மண்ணூர்ப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கண்ணால் பார்த்தவர்தான் ஒருவரும் இல்லை. ஏழும் ஒரே சங்கிலியில் கோத்துக்கொண்டு மண்ணுக்கடியில் நகர்ந்துகொண்டே இருக்குமாம். உச்சி வெயிலில் கரைமேல் தனியாகப் போகிறவரிடம் “வரட்டுமா?” என்று கேட்குமாம். வா என்று சொன்னால் மட்டும் போதாது, தலைச்சன் பிள்ளையைக் கொடுத்தால்தான் மேலே வரும்.

இதை நம்பி ஆன்லைனில் மெட்டல் டிடெக்டர் வாங்கினார் எங்கள் கம்பெனி வேன் டிரைவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நான்கு பேர் ஏரிக்குப் போவோம். ஒரகடம் பேக்டரி லைனில் ஒரு போல்ட் விழுந்தால் குனிந்து எடுக்காத ஆட்கள், அங்கே ஒரு சோடா மூடிக்காக முழங்கால் ஆழம் தோண்டினோம். உச்சி வெயிலில்தான் போகவேண்டும் என்பது டிரைவரின் சட்டம். அந்த நேரத்தில் ஏரிப்பக்கம் ஆடு மேய்க்கிறவர்கூட வரமாட்டார். காற்று நின்றுபோயிருக்கும், ஹைவே லாரிச் சத்தமும் அங்கே எட்டாது. மெஷின் மட்டும் மெல்ல முனகிக்கொண்டிருக்கும். என்னை அவர்கள் பேராசைக்காரன் என்று ஓட்டுவார்கள், ஒரு ஞாயிறும் நான் தவறவிட்டதில்லை. பொன் மேல் எனக்குத் துளியும் ஆசையில்லை. நான் தேடியது ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு.

ஆறு வருஷத்துக்கு முன் எங்களுக்கு முதல் பெண் பிறந்தாள். ஒரு பகல்தான் இருந்தாள். மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்க, நானும் பெரியப்பாவும் குழந்தையை ஏரிச்சரிவில், ஒரு பனைமரத்தருகே புதைத்தோம். உடம்பில் அரைஞாண்கூட இருக்கக்கூடாது என்றார் பெரியப்பா. வெள்ளியோ இரும்போ கூடப் போனால் பிள்ளை போகவேண்டிய இடத்துக்குப் போகாதாம், அங்கேயே நிற்குமாம். அவர் கை கழுவத் திரும்பியபோது, மனைவி ஆசையாக வாங்கி வைத்திருந்த கொலுசைத் துணிக்குள் செருகிவிட்டேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெறுங்காலோடு அனுப்ப மனசு வரவில்லை, அவ்வளவுதான். மனைவியிடம் கொலுசு ஆஸ்பத்திரியில் தொலைந்துவிட்டது என்று சொன்னேன்.

அந்த இடத்தை அவள் பார்த்ததே இல்லை. இந்த வருஷம் சரிவையும் சேர்த்து ஒரு கோடவுனுக்கு மதில் எழுப்பப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும், அதற்குள் ஒருமுறை காட்டு என்றாள். சரி என்றேன். போய்ப் பார்த்தால் பனைமரத்தைக் காணோம். பள்ளமான மனைகளை மேடாக்க லாரி லாரியாக மண் அள்ளியிருந்தார்கள். சரிவே வேறு மாதிரி கிடந்தது. என் பிள்ளையை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த வெட்கத்தில்தான் டிரைவரோடு சேர்ந்தேன். மற்றவர்கள் மதகுப் பக்கம் தேடலாம் என்பார்கள், நான் அவரை நைசாகச் சரிவுப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தேன்.

மதில் வேலை தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு. மற்ற இருவரும் ஓ.டி.க்குப் போய்விட்டார்கள். சரிவில் மெஷின் கத்தியது. திரையில் வெள்ளிக்கான எண். இரண்டடி நகர்ந்ததும் மறுபடியும் கத்தியது. அப்புறம் இன்னொன்று. மேலே ஒன்று, கருவேலம் புதருக்கருகில் இரண்டு. டிரைவர் சுண்ணாம்புத் தூளால் ஒவ்வோர் இடத்திலும் வட்டம் போட்டுக்கொண்டே போனார். பதினேழு வட்டம். எல்லாம் வெள்ளி, எல்லாம் சின்னச் சின்னதாக.

“ண்ணா, கொப்பரை வாய் தொறந்து செதறிக்கீதுண்ணா” என்று கடப்பாரையை எடுத்தார்.

வட்டங்களைப் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. ஊரில் பிள்ளையை இழந்தவர்கள் எல்லோரும் இந்தச் சரிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். யாரோ ஒரு பெரியவர் திரும்பி நின்ற நேரத்தில் ஒவ்வொருவரும் எதையாவது துணிக்குள் செருகியிருக்கிறார்கள். நான் ஒருத்தன்தான் அந்தத் தப்பைச் செய்தேன் என்று ஆறு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிரைவர் முதல் வட்டத்தில் கடப்பாரையை ஓங்கினார். நான் போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

“தோண்டாத. எல்லாம் கொயந்தைங்க. இதுல ஒன்னு என் பொண்ணு.”

அவர் வட்டங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மெஷினை அணைத்தார். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, வந்த காலடித்தடத்திலேயே பார்த்துப் பார்த்துக் கால் வைத்துக் கரையேறிப் போனார்.

மறுநாள் காலை மதில் வேலை ஆட்கள் வருவதற்கு முன் மனைவியை அழைத்துப் போனேன். வழியில் வண்டியை நிறுத்திக் கொலுசு விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அழுதாள், பிறகு நல்லவேளை போட்டே என்றாள். எந்த இடம் என்று தெரியவில்லை என்பதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

கரையில் இறங்கியதும் வட்டங்களைப் பார்த்தாள். என்ன இதெல்லாம் என்று கேட்டாள். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். லாரியில் போன மண்ணில் எத்தனை போயிருக்கும் என்று தெரியாது என்பதையும் சேர்த்து.

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒரு காலைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

“நான் எங்க காலு வெக்கிறது?” என்று கேட்டாள்.