வளையம் போட்ட மரங்கள்

என் கொழுந்தன் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். வீட்டில் அவளைச் சின்னவள் என்போம். ஒருவர் நடந்து வருவதைப் பார்த்தே எந்த மூட்டில் வலி என்று சொல்லிவிடுவாள். மளிகைக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், எங்கள் தெரு நாய் என்று எல்லோரும் ஐந்தே நிமிடத்தில் அவளிடம் ஒட்டிக்கொள்வார்கள். நான் அந்தத் தெருவில் பதினான்கு வருஷமாக இருக்கிறேன். அந்த நாய் இன்னும் என்னைப் பார்த்துக் குரைக்கிறது.

அவளைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வந்தால் சாப்பிட்ட தட்டோடு என் பாத்திரங்களையும் சேர்த்துக் கழுவி வைத்துவிட்டுப் போவாள். ஒரு டம்ளரையாவது உடைக்க மாட்டாளா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். உடைத்ததில்லை.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. கணக்கில் சந்தேகம் வந்தால் சித்திக்குப் போன் போடுவாள். நான் எட்டாவதோடு நின்றவள், அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் ஒருநாள், "தலையும் சித்தியே பின்னி விடட்டும்மா, நீ இறுக்கிப் பின்ற" என்றாள். சீப்பைச் சின்னவள் கையில் கொடுத்துவிட்டு, அடுப்படியில் வேலை இல்லாமலேயே நின்றிருந்தேன்.

போன மாதம் சின்னவளும் கொழுந்தனும் வந்திருந்தபோது, "லீவு முழுக்க சித்தி வீட்ல இருக்கட்டுமாம்மா?" என்று மகள் கேட்டாள். "பார்க்கலாம்" என்றேன். நான் பார்க்கலாம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மலைக்குப் போகலாம் என்றதும் சின்னவள்தான். அடிவாரம் வரை சைக்கிள், அங்கிருந்து நடை. மலை என்றால் பெரிய மலை இல்லை, தைல மரம் வளர்க்கும் குன்று. நான் கூலிக்குப் போவதும் அங்கேதான். "அக்கா கன்னு நடுற வேலை பாக்குறாங்க" என்று சின்னவள் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாள். கன்று நட்டது முதல் இரண்டு வருஷம். இப்போது அளவு நாடாவும் பெயின்ட் டப்பாவுமாக மேஸ்திரி பின்னால் போகிறேன். மரங்கள் நெருக்கமாக வளர்ந்துவிட்ட இடத்தில் கோணலையும் சொத்தையையும் வெட்டினால்தான் மற்றவை பருக்கும். நெஞ்சு உயரத்தில் சுற்றளவு எடுத்து, வெட்ட வேண்டிய மரத்துக்கு வெள்ளை வளையம் போட வேண்டும். இதை வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்காததைச் சொல்வதும் என் வழக்கமில்லை.

அடிவாரத்துக்கு வந்ததும் கொழுந்தன் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணி, இந்த மலை எத்தனையோ வருஷமா இங்கயே இருக்கு. நான் ஏறலன்னு கோவிச்சுக்காது. நான் சைக்கிளுக்குக் காவல்."

"நீங்க தூங்கினா சைக்கிள் உங்களுக்குக் காவல்" என்றாள் சின்னவள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

கால் மணி நேரம் ஏறியதும் பாதை பிரிந்தது. இடது பக்கம், தீ தாண்டாமலிருக்க மரங்களை எடுத்து அகலமாக விட்ட தடம். மலையைவிட்டு விலகிப் போவது போலத் தெரியும், ஆனால் வளைந்து உச்சிக்குத்தான் போகும். வலது பக்கம் மரங்களுக்குள் வெள்ளை வளையங்கள்.

"இதோ பாரு, பெயின்ட் அடிச்சு வழி காட்டியிருக்காங்க. நான் போன மலையில எல்லாம் இப்படித்தான். இதைப் பிடிச்சுக்கிட்டே போனா நேரா உச்சிதான்" என்றாள் சின்னவள்.

வெட்டுகிற மரம் அது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மகள், "அம்மா, நீ மெதுவா வா. நாங்க மேல போய் நிக்கிறோம்" என்று சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

வந்த வார்த்தையை விழுங்கிவிட்டேன்.

கொஞ்சம் சுற்றட்டும், சித்திக்கும் தெரியாதது உண்டு என்று இவள் பார்க்கட்டும் என நினைத்தேன். அந்தப் பக்கம் ஓடைச் சரிவில் போய் முடியும் என்பது எனக்குத் தெரியும். அதற்கு முன்னாலேயே திரும்பிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இடது தடத்தில் ஏறினேன்.

உச்சியில் காற்று நன்றாக இருந்தது. அவர்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பதும் நன்றாகத்தான் இருந்தது. அந்த சந்தோஷம் பத்து நிமிடம் நீடித்திருக்கும். கீழே ஓடைப் பக்கமிருந்து என் மகளின் அலறல் கேட்டது.

"சித்தீ!"

அம்மா என்று கத்தவில்லை. அந்த நேரத்திலும் அது எனக்கு உறைத்தது. அதற்கப்புறம்தான் ஓடினேன்.

தைலப் பட்டை உரிந்து கிடந்தால் கால் வழுக்கும். மகள் சரிவில் சறுக்கி விழுந்து மணிக்கட்டில் அடிபட்டிருந்தாள். சின்னவள் மண்ணில் முட்டி போட்டு அவள் கையை விரல் விரலாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உடையலன்னுதான் நினைக்கிறேன். எதுக்கும் படம் எடுத்துடலாம். என் தப்புக்கா. வளையத்தை நம்பி வந்துட்டேன். திடீர்னு வழியே இல்ல."

மகள் என் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் வெள்ளை பெயின்ட் எப்போதும் இருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

"அம்மா, இது நீ போட்டதா?"

"ஆமா."

"வழி இல்லைன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சின்னவளும் நம்பியிருப்பாள்.

"தெரியும்" என்றேன்.

"ஏன்க்கா சொல்லல?" சின்னவளின் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. "குழந்தை விழுந்திருக்கா!"

"அவ உன் கையைப் பிடிச்சுக்கிட்டு ஓடினா. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அற்பமானது என்று என் காதிலேயே விழுந்தது. சின்னவள் துப்பட்டாவை மடித்து, கையைத் தாங்கும்படி மகளின் கழுத்தில் தூளியாகக் கட்டினாள். கட்டு கச்சிதமாக இருந்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

இறங்கும்போது நான்தான் முன்னால் நடந்து வழி காட்டினேன். அடிவாரத்தில் கொழுந்தன் எழுந்து, "என்னம்மா, மலை உன்னைத் தள்ளி விட்டுடுச்சா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ஒற்றைக் கையோடு மகளால் ஓட்ட முடியாது, அவள் சைக்கிளைக் கொழுந்தன் தன் சைக்கிளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சின்னவளின் கியர் சைக்கிளில் பின்சீட் கிடையாது. என் பழைய சைக்கிளில்தான் மகள் ஏற வேண்டியிருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவள் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பாதி வழியில் பேசினாள்.

"லீவுக்கு நான் சித்தி வீட்டுக்குப் போறேன்."

"போ. கை சரியாகட்டும், நானே கொண்டுபோய் விடுறேன்."

"வேணாம். சித்தி வந்து கூட்டிட்டுப் போவாங்க" என்றாள்.

சின்னவள் தூரத்தில் எங்களுக்காக வேகத்தைக் குறைத்து, ஒரு காலை ஊன்றி நின்றாள். நான் பெடலை எட்டி மிதித்தேன்.