பலகையில் வராத பெயர்

ஆறாம் ஆண்டில் சேர்ந்த இரண்டாவது கிழமையே என்னை மொனிட்டராக்கிவிட்டார்கள். என்னிடம் இருந்த தகுதிகள் இரண்டு. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பலகையின் உச்சிக்குக் கை எட்டும். அப்போது வகுப்பில் என்னை விட உயரமான ஒரே ஆள் எங்கள் வகுப்பு டீச்சர்தான். ஆண்பிள்ளைகள் எட்டாம் ஆண்டில்தான் வளர்ந்தார்கள். அதுவும் கொரோனாவுக்குப் பாடசாலை பூட்டியிருந்த நேரம் பார்த்து, ஒருவருக்கும் தெரியாமல்.

மொனிட்டருடைய வேலை இலேசானது. டீச்சர் இல்லாத நேரத்தில் பலகையின் இடது பக்கத்தில் 'கதைத்தவர்கள்' என்று எழுதிக் கீழே கோடு இழுக்க வேண்டும். கோட்டுக்குக் கீழே பெயர்கள். எழுதிய பிறகும் வாய் மூடாதவருக்குப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளடி. டீச்சர் வந்து வாசிப்பார். பெயர் உள்ளவர்கள் அந்தப் பாடம் முடியும் வரை விறாந்தையில் நிற்க வேண்டும், புள்ளடி உள்ளவர்கள் அடுத்த பாடத்துக்கும். ஆண்பிள்ளைகள் ஒரு தொங்கலில், பெண்பிள்ளைகள் மறு தொங்கலில். கல்முனை நகருக்குள்ளே நான் பார்த்த நீதிமன்றங்களில் இதுதான் வேகமானது. சட்டத்தரணி கிடையாது, தவணை கிடையாது.

நான் நேர்மையாகத்தான் எழுதினேன். என் சாச்சியின் மகனையே ஒரே நாளில் மூன்று தரம் எழுதியிருக்கிறேன். அதற்காகப் பெருநாளுக்கு அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவன் எனக்கு முகம் கொடுக்கவில்லை. ஒரே ஒருத்தியின் பெயரை மட்டும் நாலு வருஷமும் எழுதவில்லை. அவள் என் பக்கத்து இருக்கைக்காரி, என் கூட்டாளி.

அவள் பக்கத்து ஊர் நற்பிட்டிமுனையிலிருந்து புலமைப்பரிசில் சோதினை பாஸ் பண்ணி வந்தவள். முதல் நாள் வந்தபோது புதுச் சப்பாத்து காலைக் கடித்து, நடக்க முடியாமல் நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் தரம் அவள் பெயரை எழுத வேண்டி வந்தபோது சோக்கட்டியோடு திரும்பிப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். நான் அவளோடு கதைத்துக்கொண்டிருந்தவளின் பெயரை மட்டும் எழுதிவிட்டுத் திரும்பிவிட்டேன். அடுத்த நாள் ஒரு மாங்காயும் கடதாசியில் சுற்றிய உப்புத்தூளும் கொண்டுவந்து தந்தாள். இலஞ்சம் என்று அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் உப்புத்தூளில் உறைப்புக்குக் கொச்சிக்காய் அளவாகப் போட்டிருந்தது.

அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கிருந்த ஒரே அதிகாரத்தை அவளுக்காக மட்டும் வளைக்கிறேன் என்பதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. கூட்டாளி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று என்னை நானே மெச்சிக்கொள்வேன்.

ஒன்பதாம் ஆண்டின் கடைசித் தவணையில் இரண்டு கடதாசிகள் வந்தன. ஒன்று, பத்தாம் ஆண்டுக்குரிய பாடத் தெரிவுப் படிவம். கொம்மர்ஸ் எடுப்பவர்கள் ஒரு வகுப்பு, விவசாயம் எடுப்பவர்கள் வேறு வகுப்பு. நாங்கள் இரண்டு பேரும் கொம்மர்ஸ் எடுப்பதென்று நான் தீர்மானித்தேன். அவளிடம் சொன்னேன்.

"பாப்பம்," என்றாள்.

பிறகென்ன, சரி என்று நினைத்துக்கொண்டேன். அவள் இல்லாத ஒரு வகுப்பை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இடைவேளைக்கு என்னோடு சேர்ந்து சாப்பிட அவளை விட்டால் ஆளில்லை என்பதை வெளியே சொல்ல வெட்கம், இப்போது சொல்லலாம்.

இரண்டாவது கடதாசி, வகுப்பின் கையெழுத்துச் சஞ்சிகைக்கான அறிவித்தல். ஆறாம் ஆண்டிலிருந்து ஒன்பதாம் ஆண்டு வரை திரும்பிப் பார்த்து ஆளுக்கொரு கட்டுரை. டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"மகள், எல்லாரும் எழுதித் தருவாங்க. நீங்க உங்கட எழுத்துல ஒரே மாதிரிப் பிரதி எடுத்துத் தாங்க. உங்கட எழுத்துத்தான் வடிவு."

முன்னைய வருஷத்துச் சஞ்சிகையிலிருந்து ஒரு மாதிரிக் கட்டுரையையும் டீச்சர் வகுப்பில் வாசித்துக் காட்டினார். அது 'பட்டாம்பூச்சிகளாய்ப் பறந்து திரிந்த அந்த இனிய நாட்கள்' என்று தொடங்கியது. அவ்வளவுதான். ஒரு கிழமைக்குள் என் மேசையில் முப்பத்தேழு கட்டுரைகள், புரட்டிய இடமெல்லாம் பட்டாம்பூச்சி. பின்வரிசை வாங்கில் இருவர் இருக்கும் இடத்தை ஒருவனாக அடைத்துக்கொள்ளும் ஒருத்தன் இருந்தான். கால்பந்தாட்டத்தில் கோல் காக்க அவன் நின்றாலே போதும். அவனும் பட்டாம்பூச்சியாகத்தான் பறந்திருக்கிறான்.

அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தால் மஃரிப் பாங்கு வரை எழுதுவேன். உம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

"சோதினைக்கும் இப்பிடிக் குந்தி எழுதினா டொக்டராகலாம்."

பட்டாம்பூச்சி முதல் பந்தியோடு முடிந்துவிடும். இரண்டாவது பந்தியில் எல்லாரும் விறாந்தைக்கு வந்துவிடுவார்கள். அதாவது, என்னிடம். 'எங்கள் மொனிட்டர் ஒரு பொலிஸ்' என்று ஒருத்தன் எழுதியிருந்தான். பிரதி எடுக்கும்போது அதை 'எங்கள் மொனிட்டர் பொறுப்பானவர்' என்று திருத்தினேன். 'பேர் எழுதுற பேய்' என்று இன்னொருத்தி. அவளை 'பெயர் எழுதும் பெருந்தகை' என்று எழுத வைத்தேன். பேனா என் கையில் இருந்தது, பலகையில் சோக் இருந்ததைப் போல. எனக்கு அது பழகிய வேலை.

ஆனால் எழுத எழுத ஒன்று தெரிய வந்தது. அவர்கள் திட்டவில்லை. அவர்களுடைய நல்ல ஞாபகமெல்லாம் அந்த விறாந்தையில்தான் இருந்தது. ஆறாம் ஆண்டில் கோபித்துக்கொண்ட இரண்டு பேர் அங்கே நின்றுதான் திரும்பக் கதைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். கன்டீன் ரோல்ஸ் ஒன்றை ஆறாகப் பிய்த்து, டீச்சர் பலகைப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்துத் தின்றிருக்கிறார்கள். கடைசித் தூணோடு நின்று கழுத்தை நீட்டினால் மதிலுக்கு மேலால் கடல் ஒரு கோடாகத் தெரியுமாம். நாலு வருஷம் அந்த வழியால் போய் வந்த எனக்கு அது தெரியாது. கொரோனா வருஷத்தைப் பற்றி ஒருவரும் இரண்டு வரிக்கு மேல் எழுதவில்லை, வட்ஸ்அப்பில் விறாந்தை இல்லையே.

இருபதாவது கட்டுரையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே வந்துவிட்டது. நான் மட்டும் இல்லாவிட்டால் இவர்களுக்கு எழுத என்ன இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

என் கூட்டாளியின் கட்டுரை கடைசிக்கு முந்தியது. அதில் பட்டாம்பூச்சி இல்லை. ஒரு பக்கம்கூட இல்லை.

'எல்லாரும் விறாந்தையைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நாலு வருடத்தில் என் பெயர் ஒரு நாளும் பலகையில் வரவில்லை. நான் கதைக்காத பிள்ளை அல்ல. ஆனால் என்னோடு கதைத்தால் தங்கள் பெயர் மட்டும்தான் எழுதப்படும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் யாரும் என்னோடு கதைப்பதில்லை, மொனிட்டரைத் தவிர.'

எனக்கு முதலில் வந்தது கோபம். பொல்லாத கோபம். நாலு வருஷம் விறாந்தையில் நிற்காமல் காப்பாற்றியதற்கு இதுவா கூலி என்று கடதாசியை மேசையில் அடித்தேன். அடித்த பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவள் பக்கம் திரும்பும் பிள்ளைகள் என்னைக் கண்டதும் வாயை மூடுவது. இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்குச் சோடி சேரும்போது அவள் தனியே நிற்பது. அவள் தனியே நிற்கிறாள் என்று நான் ஓடிப்போய்க் கையைப் பிடிப்பது.

அதையும் திருத்தலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். 'என் நல்லொழுக்கத்தால் என் பெயர் பலகையில் வரவில்லை' என்று அழகாக ஒரு வரி எழுதியும் பார்த்தேன். வாசிக்க வாசிக்க எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவள் எழுதியபடியே, ஒரு புள்ளி மாறாமல் எழுதினேன். 'மொனிட்டரைத் தவிர' என்பதையும்தான்.

அடுத்த நாள் இடைவேளையில் கேட்டேன்.

"ஏன்கா எனக்கிட்ட செல்லல்ல?"

"செல்லியிருந்தா என்ன செய்திருப்பாய்? மத்தாக்கள்ட பேரையும் எழுதாம உட்டிருப்பியா?"

கொஞ்சம் யோசித்தேன். "இல்ல. உன்ட பேரையும் எழுதியிருப்பன்."

"அது போதுமே புள்ள," என்றாள். பிறகு சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னாள். "நான் விவசாயம் எடுத்திரிக்கன். ஃபோமையும் குடுத்திட்டன். உன்னோட கோவமில்ல, வல்லாஹி."

கோபம் இருந்திருந்தால் சமாதானம் பேசியிருக்கலாம்.

தவணையின் கடைசி நாள் டீச்சர் எதற்கோ ஒஃபீசுக்குப் போனார். போகும்போது வழக்கம்போல என்னைப் பார்த்தார். நான் எழும்பி 'கதைத்தவர்கள்' என்று எழுதிக் கோடு இழுத்தேன். திரும்பிப் பார்த்தேன். என் கூட்டாளி பின்வரிசைப் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து, வகுப்புக்கே கேட்கும்படி கதைத்துக்கொண்டிருந்தாள். கதைத்துக்கொண்டே கடைக்கண்ணால் என்னைப் பார்த்தாள்.

முதல் வரியில் அவள் பெயரை எழுதினேன். முத்து முத்தான என் எழுத்து அன்றைக்குக் கோணிவிட்டது. பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் அடங்கவில்லை. என் பேரையும் எழுது, என்ட பேரையும் எழுது என்று நாலு பக்கமும் கத்தினார்கள். எழுதினேன். இடது பக்கம் முடிந்து நடுப்பலகைக்கும் வந்துவிட்டேன்.

டீச்சர் வந்து பலகையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்களுமா மகள்?" என்று அவளைக் கேட்டார்.

"ஓம் டீச்சர்."

பரிசு வாங்க மேடைக்குப் போகிறவளைப் போல அவள் வெளியே போனாள். பின்னாலேயே மற்றவர்களும். ஐந்து நிமிஷத்தில் வகுப்பில் டீச்சரும் நானும் முப்பத்தேழு புத்தகப் பைகளும்தான் மிச்சம். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் தோளில் தட்டினார்.

"நீங்க ஒராளாவது ஒழுங்கா இரிக்கீங்க, மாஷா அல்லாஹ். சஞ்சிகை முடிஞ்சா?"

"ஒரு கட்டுரைதான் பாக்கி டீச்சர்."

வெளியே அவள் சிரித்தது கேட்டது. நாலு வருஷம் பக்கத்தில் இருந்தும் அவள் அவ்வளவு சத்தமாகச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது. தூணோடு நின்று கடலைப் பார்க்கச் சொல்லி யாரோ அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். நான் பாக்கியிருந்த என்னுடைய பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தேன். பிறகு, மாதிரிக் கட்டுரையைப் பக்கத்தில் வைத்து, பட்டாம்பூச்சியிலிருந்து தொடங்கினேன்.