துக்கம் கேட்ட வீடுகள்

ஓடைப்பட்டியில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தபோது எனக்கு ஒரு பைத்தியமும் இருந்தது. எங்கள் பகுதியில் பெரிய பொறுப்பில் இருந்த ஓர் அரசியல் தலைவருக்கு மேடைப்பேச்சு எழுதிக் கொடுப்பேன். அடுக்குமொழி எழுதுவதில் நான் கில்லாடி என்று எனக்கே ஒரு நினைப்பு.

இரண்டாயிரத்து ஒன்பதின் தொடக்கம் அது. இலங்கையில் போர் உச்சத்தில் இருந்தது, பேப்பரைப் பிரிக்கவே கை கூசும். எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தார். சின்ன வயதில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பாவோடு வந்தவர், இங்கே திராட்சை வெட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவருடைய தங்கை அங்கே பெரியம்மா வீட்டில் வளர்ந்ததால் சிலோனிலேயே தங்கிவிட்டாள். வன்னியில் ஒரு சின்ன ஊரில் கணவன், மகன், மகள் என்று குடும்பமாக இருந்தாள். பல மாதங்களாகக் கடிதம் இல்லை. தங்கையைத் தேடி மனுப் போடுவதற்காக, கடைசியாக வந்த கடிதத்தை ஜெராக்ஸ் எடுக்க அக்கா என்னிடம் கொண்டுவந்தார்.

உறையில் இருந்த ஊர்ப்பெயர் நாக்கில் அழகாக உருண்டது. அவ்வளவுதான் காரணம். அதைப் பேச்சில் எழுதிவிட்டேன்.

அந்த வாரக் கூட்டத்தில் தலைவர் அந்த ஊர்ப்பெயரை இழுத்துச் சொன்னார். சொல்லிவிட்டு, நான் எழுதாத ஒன்றையும் தானாகச் சேர்த்தார்: "அந்த ஊரில் இன்று ஓர் உயிர்கூட மிச்சமில்லை!" கூட்டம் கலங்கிவிட்டது. முன்வரிசையில் இருந்த நான் கைதட்டினேன். பெண்கள் பக்கம் அக்கா நின்றது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை அக்கா தலைமுழுகிவிட்டு ஈரத்தலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"மைக்குல சொல்லிட்டாக தம்பி. அம்புட்டுப் பெரிய மனுசரு, தெரியாமயா சொல்லுவாக?"

தெருவே வந்து துக்கம் கேட்டது. பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். கோழையாக நானும் கையைக் கட்டிக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்திருந்தேன்.

அல்லிநகரத்தில் இருந்த தலைவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். "ஏப்பா, அங்கன செத்துக்கிட்டுத்தான இருக்காக? பேச்சுன்னா முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும். சனம் அழுதுச்சா இல்லையா?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. எனக்கும் சேர்த்து இலை போடச் சொன்னார். நானும் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேல்தான் ஆத்திரம் வருகிறது. அங்கே நிஜமாகச் செத்தவர்களுக்கு அழுவதற்கே நமக்குக் கண்ணீர் போதாது, அதற்கு மேல் நாங்கள் வேறு கொன்றோம்.

அந்த வருடக் கடைசியில் அக்கா ஒரு கடிதத்தோடு கடைக்கு ஓடிவந்தார்.

"தம்பி, எந் தங்கச்சி உசுரோட இருக்கா! முகாம்ல இருக்காளாம்!"

அழுதுவிட்டேன். அந்த ஊர்ப்பெயரை எழுதிக் கொடுத்தது நான்தான் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப அவுகள அதே மைக்குல சொல்லச் சொல்லுங்க, அவ இருக்கான்னு."

தலைவருக்குப் போன் போட்டேன். "இப்ப எதுக்குப்பா அது?" என்று வைத்துவிட்டார். அக்கா கோபப்படவில்லை.

"சரி, விடுங்க. துக்கம் கேட்டவுக வீட்டுக்கெல்லாம் நம்மளே போய்ச் சொல்லுவோம். நீங்களும் வாங்க."

துக்கம் கேட்க முறை உண்டு. கேட்ட துக்கத்தைத் திருப்பிக் கொடுக்க எங்கள் ஊரில் ஒரு முறையும் கிடையாது. எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியாமல் வீடு வீடாகப் போனோம். ஊர்ப்பெயரை எழுதியது நான்தான் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். போன இடமெல்லாம் அக்காவைக் கட்டிக்கொண்டார்கள், வாயில் சீனியைப் போட்டார்கள். "எழுதுன கையில சூடு போடணும்ல" என்று ஒரு பெரியம்மா சிரித்துக்கொண்டே என் கையில் தட்டினார். அக்கா அந்த அளவுக்குச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கடைசி வீடு, அவரோடு திராட்சை வெட்டப் போகும் பெண்ணுடையது. அந்தப் பெண் மட்டும்தான் கேட்டார்: "தங்கச்சி வீட்டுக்காரரு, மகன், மக எல்லாரும் சொகந்தானக்கா?"

"அவளும் மகளும் இருக்காக" என்றார் அக்கா. கையிலிருந்த கடிதத்தை மெல்ல மடித்தார்.

"மத்த ரெண்டு பேருக்கும்தான் நீங்க அன்னைக்கே துக்கம் கேட்டுட்டீகளே."

அதுவரை அவர் என்னிடம்கூட அதைச் சொல்லவில்லை.