நாலு இஞ்சு பைப்பும் அக்னி மூலையும்

பாய்லருக்கு ஸ்டீம் லைன் போடுகிற தொழிலில் முப்பது வருஷமாகக் கோயமுத்தூரில் கிடக்கிறேன். இதுவரை எந்தப் பைப்பும் எனக்குப் புத்தி சொன்னதில்லை, பைப் போடச் சொன்னவர்கள் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். திருகு மரையா, வெல்டிங்கா என்று கஸ்டமரோடு மல்லுக்கட்டித் தொண்டை வற்றிப்போன சக ஜீவன்களே, கேளுங்கள்.

கழட்டோணுமல்லங்க

சென்னிமலைப் பக்கம் ஒரு சாயப்பட்டறை. பாய்லரிலிருந்து பட்டறை வரைக்கும் நாலு இஞ்சு ஸ்டீம் லைன் போட வேண்டும். ஒரு இஞ்சு, ஒன்றரை இஞ்சு என்றால் மரை வெட்டி முடுக்கிவிட்டுப் போய்விடலாம். நாலு இஞ்சில் மரை வெட்டினால் அந்த இடத்தில் பைப்பின் கனமே குறைந்துபோகும். சூட்டில் நீண்டு, ஆறினால் சுருங்கி, என்றைக்காவது ஒழுகியே தீரும். எல்லாவற்றையும் வெல்டிங் வைத்துவிட்டு, கழட்ட வேண்டிய இடத்தில் மட்டும் பிளேஞ்ச் என்கிற வட்டத் தகடு போட்டு போல்ட் முடுக்கலாம் என்று முதலாளியிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டார். எங்கள் பக்கம் ஒருத்தர் இவ்வளவு பொறுமையாகக் கேட்கிறார் என்றால், முடிவு போன வாரமே ஆகிவிட்டது என்று அர்த்தம். அந்த பாய்லர் அக்னி மூலையைத் தேடி ஏற்கெனவே இரண்டு தடவை இடம் மாறியிருந்தது. காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க சொல்றது செரிதானுங்க. ஆனா வாஸ்துக்காரர் மறுக்கா மாத்தச் சொன்னா, அப்பறம் கழட்டோணுமல்லங்க?"

கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. அது என் தப்பு.

கிழக்கு பார்த்த வளைவு

மரையில் சணல் சுற்றி, பசை தடவி, பெரிய ரெஞ்சை மாட்டி, ரெஞ்சின் கைப்பிடியில் இன்னொரு நீளப் பைப்பைச் சொருகி, அதில் அஞ்சு பேர் தொங்கினோம். லைன் திரும்புகிற இடத்து வளைவு வடக்கே பார்த்து நிற்க வேண்டும். அந்தப் புண்ணியவான் கிழக்கே பார்த்ததும் இறுகிக்கொண்டான். இன்னும் முக்கால் சுற்று தள்ளினால் மரை பிய்த்துக்கொள்ளும். பின்னால் திருப்பினால் லூசாகிவிடும். வெல்டிங் என்றால் வேண்டிய பக்கம் திருப்பி ஒட்டிவிட்டுப் போயிருப்பேன். வேர்த்து விறுவிறுத்து நின்ற எங்களை முதலாளி வந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "கிழக்கு பாக்கறது நல்லதுதானுங்க, அப்படியே உட்ருங்களே!"

குடை

ஒருவழியாக வளைவை வடக்கே பார்க்க வைத்து லைனை முடித்தோம். ஒழுகும் என்று சொன்னேன் அல்லவா? ஒன்றரை மாதம்கூடத் தாங்கவில்லை. ஒழுகினது எங்கே தெரியுமா? பாய்லர் ஆபரேட்டர் பழனிசாமி அண்ணன் உட்காருகிற ஸ்டூலுக்கு நேர் மேலே. தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடியை விட்டுக் கண்ணெடுக்கக் கூடாத மனுஷன்; நகர்ந்து உட்கார வழியில்லை. போய்ப் பார்த்தேன். தோளில் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. நான் போட்ட ஜாயிண்ட்! அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இன்றைக்குச் சொட்டுகிறது, நாளைக்குப் பிடுங்கிக்கொண்டால் அண்ணனை அள்ளத்தான் வேண்டும் என்று முதலாளியிடம் கத்தியே விட்டேன். அவர் பதறவில்லை. "அட, அதையேனுங்க கேக்கறீங்க, நான் நேத்தே குடை வாங்கிக் குடுத்துப்போட்டனுங்க."

நிருதி மூலை

அடுத்து வாஸ்துக்காரர் வந்தார். இந்தத் தடவை பாய்லர் தப்பித்தது, முதலாளி நாற்காலி மாட்டிக்கொண்டது. முதலாளி தென்மேற்கே நிருதி மூலையில்தான் உட்கார வேண்டுமாம். உடனே அங்கே ஒரு ரூம், ஏசி, சுழல் நாற்காலி. முதல் நாள் சாய்ந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்த்திருக்கிறார். தலைக்கு மேலே அதே லைனின் இரண்டாவது வளைவு!

போன் பறந்து வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது ரூமுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். "ஏனுங்க, என்ற ரூமு மேல இருக்கறதை மட்டும் இன்னைக்கே வெல்டிங் வெச்சுருங்க."

"முடியாதுங்க. வெச்சா முழு லைனும் வெப்பேன். பாய்லர் பக்கமிருந்துதான் ஆரம்பிப்பேன். பழனிசாமியண்ணன் தலைக்கு மேல முதல்ல, உங்க தலைக்கு மேல கடைசி. இல்லீன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க" என்றேன். முதல் நாளே இந்த வாய் எங்கே போயிருந்ததோ! முதலாளி வளைவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரியென்று தலையாட்டினார்.

பாய்லரை ஆறவைத்து, எல்லா ஜாயிண்ட்டையும் வெல்டிங் வைத்து, தண்ணீர் பிரஷர் ஏற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. கருவிகளை வண்டியில் ஏற்றும்போது பழனிசாமி அண்ணன் குடையை மடித்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். "இதை மொதலாளி ரூம்புல வெச்சுருங்க தம்பி, அடுத்தாப்பல அவரை எங்க உக்காரச் சொல்லுவாங்களோ!"

முப்பது வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட பைப் சாஸ்திரம் இவ்வளவுதான்: மரையா வெல்டிங்கா என்று குழம்பவே வேண்டாம், ஜாயிண்ட் யார் தலைக்கு மேலே வருகிறது என்று பார்த்தால் போதும்.